வீட்டிற்குள் ஒரு நாணயச் சுரங்கம்: இலாபமா? இழப்பா?



ஈட்டும் பொருள் தூய்மையானதாக இருக்க வேண்டும் என்பதைப் போலவே, ஈட்டும் வழியைப் பற்றிய அறிவும் ஈட்டுவோருக்கு இருத்தல் வேண்டும். ஆழம் அறியாமல் ஆற்றில் காலை விடக்கூடாது என்று நம் முன்னோர் சொன்னது, தொழிலுக்கும் பொருந்தும்.

இன்று நம் இல்லங்களில் வளரும் பிள்ளைகளின் வாயிலிருந்து ஒரு புதிய சொல் புறப்பட்டு வருகிறது. "மைனிங்" என்பது அச்சொல். "வாப்பா! ஒன்றரை இலட்சம் ரூபாய் இருந்தால் ஆறு கிராஃபிக்ஸ் கார்டுகள் வாங்கிப் பூட்டிவிடலாம். கம்ப்யூட்டர் இரவும் பகலும் தானாகவே சம்பாதித்துத் தரும்" என்று மகன் கேட்கின்றான். நகையை அடகு வைத்தாவது கொடுத்துவிடலாமா என்று தாய் எண்ணுகின்றார். வேண்டாம் என்று சொல்லத் தந்தைக்குத் தோன்றுகிறது. ஆனால் ஏன் வேண்டாம் என்பதற்கு அவரிடம் விடை இல்லை. அந்த விடையைத் தேடுவோருக்காகவே இக்கட்டுரை.

மைனிங் என்றால் என்ன?

பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களை எந்த அரசும் அச்சிடுவதில்லை. யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார் என்னும் கணக்கு, உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஒரே பேரேடாகப் பதியப்படுகிறது. அப்பேரேட்டில் புதிய பக்கத்தை எழுதும் உரிமை யாருக்கு? ஒரு கடினமான எண் புதிரை முதலில் விடுவிப்பவருக்கே! அப்புதிரை அறிவால் விடுவிக்க இயலாது. கோடிக்கணக்கான எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே விடுவிக்க வேண்டும். பூட்டு ஒன்று, சாவிகளோ கோடானு கோடி என்று வைத்துக் கொள்ளுங்கள். வேகமாகச் சாவிகளைச் சோதிக்கும் இயந்திரம் உடையவருக்கு வாய்ப்பு அதிகம். வெல்பவருக்குப் புதிய நாணயங்கள் பரிசாகக் கிடைக்கும். இதனையே சுரங்கம் தோண்டுவதற்கு ஒப்பிட்டு மைனிங் என்கின்றனர்.

பிட்காயின் 2009ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் தொடங்கிற்று. முதலில் சாதாரணக் கம்ப்யூட்டரே இவ்வேலைக்குப் போதுமானதாக இருந்தது. 2010 முதல் கிராஃபிக்ஸ் கார்டு அந்த இடத்தைப் பிடித்தது. விளையாட்டுக் காட்சிகளைத் திரையில் வரைவதற்கென அமைந்த அக்கார்டு, ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான சிறு கணக்குகளைப் போட வல்லது. 2013 முதல் பிட்காயினுக்கென்றே செய்யப்பட்ட தனிச் சில்லு இயந்திரங்கள் வந்தன. அவற்றோடு போட்டியிட இயலாமல் கிராஃபிக்ஸ் கார்டுகள் பிட்காயினை விட்டு ஒதுங்கின. 2015 சூலை 30ஆம் நாள் தொடங்கப்பெற்ற எத்தீரியம் என்னும் நாணயமே அவற்றுக்குப் புகலிடமாயிற்று. வீட்டு மைனிங் என்று உலகம் அறிந்தது, பெரும்பாலும் எத்தீரிய மைனிங்கையே ஆகும்.

தறிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு

சங்கரன்கோவில் வட்டாரத்தில் வாழும் நமக்கு, வீட்டிலேயே இயந்திரம் ஓட்டிப் பிழைப்பது புதிதன்று. விசைத்தறியின் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகவே, "தறி ஓடினால் காசு, இதுவும் ஓடினால் காசு. இரண்டுக்கும் என்ன வேறுபாடு?" என்று ஒருவர் கேட்கலாம். மிகப் பெரிய வேறுபாடு உண்டு!

ஊரில் பத்துத் தறிகள் இருபது ஆனால் துணி இருமடங்காகும். மைனிங் அப்படிப்பட்டதன்று. உலகில் எத்தனை இயந்திரங்கள் ஓடினாலும் ஒரு நாளில் வெளிவரும் நாணயத்தின் அளவு ஏறத்தாழ மாறாது. பிட்காயினில் சுமார் பத்து நிமிடத்திற்கு ஒரு முறைதான் பரிசு கிடைக்கும். இயந்திரங்கள் பெருகினால், 2016 பக்கங்களுக்கு ஒரு முறை, அதாவது ஏறக்குறைய இரண்டு வாரத்திற்கு ஒரு முறை, புதிர் தானாகவே கடினமாகிவிடும். பரிசும் குறைந்து கொண்டே வரும். 2009இல் 50 பிட்காயினாக இருந்த பரிசு, நான்கு முறை பாதியாகி, 2024 ஏப்ரல் முதல் 3.125 ஆகிவிட்டது.

இதன் பொருள் என்ன? பக்கத்து நாட்டில் ஒருவர் ஆயிரம் இயந்திரங்களை ஓட்டத் தொடங்கினால், நம் வீட்டு இயந்திரம் அதே மின்சாரத்தைத் தின்றுகொண்டு குறைவாகவே ஈட்டும். தனி ஒருவர் பரிசை வெல்வது அரிது என்பதால், பலர் "பூல்" என்னும் கூட்டில் சேர்ந்து, அவரவர் உழைப்புக்கேற்பப் பங்கு பெறுகின்றனர். அப்பங்கும் சுருங்கும். செலவு நமக்குத் தெரியும். வரவோ நம் கையில் இல்லை. இவ்வொன்றை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே படியுங்கள்.

எழுச்சியும் வீழ்ச்சியும்

2021ஆம் ஆண்டு எத்தீரியத்தின் விலை பன்மடங்கு உயர்ந்தது. கிராஃபிக்ஸ் கார்டுகள் கடைகளில் கிடைக்கவில்லை. கிடைத்தவையும் குறித்த விலையைக் காட்டிலும் மிகுதியாக விற்கப்பட்டன. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த பள்ளி மாணவர்கள் இருவர், வீட்டு விளையாட்டுக் கம்ப்யூட்டரில் தொடங்கி, சில மாதங்களில் மாதம் 30,000 டாலருக்கு மேல் ஈட்டியதாகச் செய்திகள் வந்தன. நம் பிள்ளைகள் இன்றும் பார்த்து வியக்கும் வெற்றிக் கதைகளில் பல, அந்த ஓர் ஆண்டில் நிகழ்ந்தவை.

அதற்குப் பின் நிகழ்ந்ததை அக்கதைகள் சொல்வதில்லை. 2022 செப்டம்பர் 15ஆம் நாள் எத்தீரியம் தன் முறையையே மாற்றிக்கொண்டது. எண் புதிரைக் கைவிட்டு, நாணயத்தைப் பிணையாக வைத்திருப்போரே பேரேட்டை எழுதும் முறைக்குச் சென்றது. அதன் மின் தேவை 99 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்தது. அதே நாளில் உலகெங்கும் உள்ள கிராஃபிக்ஸ் கார்டுகள் அந்த வேலையை முற்றிலும் இழந்தன. அவை எத்தீரியம் கிளாசிக், ரேவன்காயின் போன்ற சிறு நாணயங்களை நோக்கித் திரண்டன. சிறிய பானையைச் சுற்றிப் பெருங்கூட்டம் அமர்ந்தால் ஒவ்வொருவருக்கும் எத்தனை கவளம் கிட்டும்? பலருக்கு மின்கட்டணம்கூடத் தேறவில்லை. பயன்படுத்திய கார்டுகள் சந்தையில் குவிந்து விலை சரிந்தது.

கவனியுங்கள்! இயந்திரம் பழுதாகவில்லை. உழைப்பிலும் குறைவில்லை. எங்கோ இருப்பவர்கள் எடுத்த ஒரு முடிவால் தொழிலே இல்லாமற் போயிற்று.

மின்கட்டணக் கணக்கு

இனி, நாமே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஆறு கார்டுகள் பூட்டிய ஓர் இயந்திரத்தை "ரிக்" என்பர். கார்டு ஒன்றுக்கு 130 வாட் எனக் கட்டுப்படுத்தி ஓட்டினாலும், மதர்போர்டு, மின்விசிறிகள், பவர் சப்ளையில் வீணாவது ஆகிய அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 900 வாட் ஆகும். நாள் முழுவதும் ஓடினால் 21.6 யூனிட். இரண்டு மாதத்திற்கு, அதாவது 60 நாட்களுக்கு, 1296 யூனிட்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே இரு மாதத்திற்கு 400 யூனிட் செலவாகிறது என்று கொள்வோம். ரிக்கின் 1296 யூனிட்டும் அதற்கு மேலுள்ள உயர்ந்த படிகளில்தான் விழும். 2024 சூலையில் தமிழ்நாட்டில் நிர்ணயிக்கப்பட்ட வீட்டு மின்கட்டணப்படி கணக்கிடுவோம்.

401 முதல் 500 வரை யூனிட்டுக்கு 6.45 வீதம் 645 ரூபாய்.
501 முதல் 600 வரை 8.55 வீதம் 855 ரூபாய்.
601 முதல் 800 வரை 9.65 வீதம் 1930 ரூபாய்.
801 முதல் 1000 வரை 10.70 வீதம் 2140 ரூபாய்.
1000க்கு மேல் எஞ்சிய 696 யூனிட்டுக்கு 11.80 வீதம் ஏறத்தாழ 8213 ரூபாய்.

ஆக மொத்தம் சுமார் 13,780 ரூபாய்! நாளொன்றுக்கு 230 ரூபாய். கார்டின் விலை, தேய்மானம், பழுது, இணையக் கட்டணம் ஆகிய எதுவும் இதில் சேரவில்லை. "யூனிட் ஐந்து ரூபாய்தானே" என்று பிள்ளை போடும் கணக்கு எங்கே தவறுகிறது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

சலுகை மின்சாரம் யாருக்கு?

"எங்களிடம் விசைத்தறி இணைப்பு இருக்கிறதே! அதில் ஓட்டினால் என்ன?" என்று கேட்போரும் உண்டு. விசைத்தறியாளர்களுக்கு இரு மாதத்திற்கு 1000 யூனிட் வரை கட்டணமில்லா மின்சாரம் 2023 முதல் வழங்கப்படுகிறது. அதற்கு முன் அது 750 யூனிட்டாக இருந்தது. அச்சலுகை தறிக்காகத் தரப்பட்டது. நலிந்து வரும் ஒரு தொழிலைக் காக்கப் பொதுமக்களின் பணத்திலிருந்து கொடுக்கப்படுவது. அதனை வேறொன்றுக்குத் திருப்புவது அமானிதத்தை மீறுவதாகும். சட்டப்படியும் குற்றமே. ஒரு நோக்கத்திற்காகப் பெற்ற இணைப்பை வேறு நோக்கத்திற்குப் பயன்படுத்தினால், 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவின்படி, உரிய கட்டணத்தைப் போல் இருமடங்கு விதிக்கப்படும்.

வீட்டு இணைப்பில் தொழில் நடத்தலாமா என்பதையும் மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெற்ற பின்னரே முடிவு செய்ய வேண்டும். பள்ளிவாசல், மத்ரஸா, வேலை செய்யும் நிறுவனம் ஆகியவற்றின் மின்சாரத்தில் யாரும் அறியாமல் ஓட்டுவது, பிறர் பொருளைக் கவர்வதன்றி வேறில்லை.

வெப்பம், தூசி, தீ

ரிக் உண்ணும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிப்படும். 900 வாட் என்பது, ஒரு சிறிய அறை ஹீட்டரை இரவும் பகலும் ஓட விடுவதற்குச் சமம். சித்திரை, வைகாசி வெயிலில் நம் ஊரில் அவ்வறை எப்படியிருக்கும்? ஏ.சி. பொருத்தினால் அதற்கும் தனி மின்கட்டணம்.

ஏற்கெனவே ரிக் வைத்திருப்போரும், எச்சரித்தும் கேளாமல் வாங்குவோரும் பின்வருவனவற்றைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும்.

1. ரிக்கை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகக் கூடாது. மின்பணியாளரைக் கொண்டு தனி ஒயர், 16 ஆம்பியர் சாக்கெட், தனி எம்.சி.பி., முறையான எர்த் ஆகியவற்றை அமைக்க வேண்டும். இடைவிடாது ஓடும் சுமையில், தளர்ந்த ஓர் இணைப்பே தீக்குக் காரணமாகிவிடும்.

2. கார்டுகளை மதர்போர்டிலிருந்து தள்ளி வைக்க உதவும் ரைசர் பலகைக்கு, ஹார்ட் டிஸ்க்கிற்கு உரிய சாட்டா ஒயரிலிருந்து மின்சாரம் கொடுக்கக் கூடாது. அவ்விணைப்பு தாங்குவது 54 வாட். கார்டு ரைசர் வழியாக 75 வாட் வரை இழுக்கக் கூடும். ஒயர் உருகிய நிகழ்வுகள் உலகெங்கும் பல.

3. பவர் சப்ளையை அதன் முழுத் திறனுக்கு ஓட்டக் கூடாது. 900 வாட் சுமைக்கு 1200 வாட் பவர் சப்ளையாவது தேவை.

4. மென்பொருளில் கார்டின் மின் வரம்பையும் வோல்ட்டையும் குறைத்து ஓட்ட வேண்டும். வேகம் சிறிதே குறையும். வெப்பமும் செலவும் பெருமளவு குறையும்.

5. தறிக்கூடத்திலோ பஞ்சுத் தூசி பறக்கும் இடத்திலோ ரிக்கை ஒருபோதும் வைக்கலாகாது. பஞ்சு மின்விசிறியை அடைக்கும். வெப்பம் மிகும். பஞ்சு எளிதில் தீப்பற்றும். மற்ற இடங்களிலும் குறிப்பிட்ட இடைவெளியில் மின் இணைப்பைத் துண்டித்து, விசிறி சுழலாதவாறு விரலால் பிடித்துக்கொண்டு, புளோயரால் தூசியை அகற்ற வேண்டும்.

6. வெப்பநிலை திடீரென ஏறினால் விசிறி தேய்ந்திருக்கலாம். அல்லது சில்லின் மீது பூசப்பட்ட தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். காரணம் காணும் வரை ஓட்டக் கூடாது.

7. குழந்தைகள் உறங்கும் அறையில் வைக்காதீர்கள். எல்லோரும் வெளியூர் செல்லும்போது அணைத்துவிடுங்கள். தீப்பற்றினால் நீரை ஊற்றாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். மின் தீக்குரிய உலர்பொடி அணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வருமானத்தின் மீது வரி

கிரிப்டோ நாணயத்தை இந்தியாவில் விற்றுப் பெறும் ஆதாயத்திற்கு 2022 ஏப்ரல் முதல் 30 விழுக்காடு வரி விதிக்கப்படுகிறது. செஸ் தனி. 2022 சூலை முதல், விற்கும்போதே ஒரு விழுக்காடு பிடித்தம் செய்யும் விதியும் வந்தது. ஒரு நாணயத்தில் ஏற்பட்ட இழப்பை மற்றொன்றின் ஆதாயத்தில் கழிக்க இயலாது. மைனிங் செய்வோர் அறிய வேண்டிய முதன்மையான செய்தி இன்னொன்று. மைனிங் கட்டமைப்புக்கான செலவை நாணயத்தின் அடக்கவிலையாகக் கருத இயலாது என்று 2022 மார்ச்சில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

நூல் வாங்கிய செலவையும் கூலியையும் கழித்து இலாபத்திற்கு வரி கட்டுவது வணிகத்தின் வழக்கம். இங்கோ செலவைக் கழிக்க வழியில்லை. ஆகவே, நாளொன்றுக்கு 230 ரூபாய் மின்கட்டணத்தை மட்டும் ஈடுகட்ட வேண்டுமென்றாலும், வரி போக அத்தொகை நிற்பதற்கு 330 ரூபாய்க்கு மேல் ஈட்டியாக வேண்டும். அதற்கு மேல் கிடைப்பதே கார்டு வாங்கிய முதலுக்குச் சேரும்.

இந்நாணயங்கள் நம் நாட்டில் செலாவணிப் பணம் அல்ல என்பதையும் நினைவிற் கொள்க. வங்கிகள் இத்துறைக்குச் சேவை அளிக்கக் கூடாதென 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4ஆம் நாள் நீக்கியது உண்மை. ஆனால் தடை நீங்குவது வேறு, பாதுகாப்புக் கிடைப்பது வேறு. 2024 சூலையில் வசீர்எக்ஸ் என்னும் இந்தியச் சந்தையிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. வங்கியில் போட்ட பணத்திற்கு இருப்பது போன்ற காப்பீடு அங்கு முதலிட்டோருக்கு இல்லை.

"நாங்கள் தோண்டித் தருகிறோம்" என்போர்

இயந்திரம் ஓட்டுவதன் தொல்லையைக் கேட்ட சிலர், "பணத்தை மட்டும் கொடுங்கள், நாங்கள் மைனிங் செய்து மாதந்தோறும் தருகிறோம்" என்போரிடம் செல்கின்றனர். இது முன்னதை விடக் கொடியது. கெயின்பிட்காயின் என்னும் திட்டம், ஒப்படைக்கும் பிட்காயினுக்கு மாதம் 10 விழுக்காடு வீதம் 18 மாதங்கள் தருவதாக வாக்களித்து, நாடெங்கும் உள்ளோரை ஈர்த்தது. அதன் நிறுவனர் அமித் பரத்வாஜ் 2018 ஏப்ரலில் புனே காவல்துறையால் கைது செய்யப்பட்டார். 2022 சனவரியில் அவர் இறந்துவிட்டார். முதலிட்டோரின் அலைச்சல் மட்டும் நீண்டுகொண்டே சென்றது.

சிந்தித்துப் பாருங்கள்! மைனிங்கில் நாளைய வரவு எவ்வளவு என்று உலகில் எவராலும் சொல்ல இயலாது. அப்படியிருக்க, நிலையான மாத வருவாய் என்று ஒருவர் வாக்களித்தால், அந்த வாக்கே அவருக்கு எதிரான சாட்சி அல்லவா?

மார்க்க அறிஞர்களின் கருத்து

இந்நாணயங்களைக் குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. துருக்கியின் மார்க்க விவகாரத் தலைமையகம் 2017 நவம்பரிலும், எகிப்தின் அன்றைய தலைமை முஃப்தி ஷவ்கி அல்லாம் 2018 சனவரியிலும் இவை கூடாதென அறிவித்தனர். இந்தோனேசிய உலமா சபை 2021 நவம்பரில், நாணயமாகப் பயன்படுத்துவது ஹராம் என்றும், தெளிவான பயனும் அடிப்படையும் உடையதாயின் சரக்காக விற்கலாம் என்றும் கூறியது. மலேசியப் பங்குச் சந்தை ஆணையத்தின் ஷரீஅத் ஆலோசனைக் குழு 2020இல், பதிவு பெற்ற சந்தைகளில் வாங்கி விற்பதை அனுமதித்தது. தடை கூறியோர் பெரிதும் சுட்டிக் காட்டுவது, மதிப்பில் உள்ள நிச்சயமின்மையையும் ஏமாற்றத்திற்கு உள்ள வாய்ப்பையுமே ஆகும்.

ஆகவே இதில் இறங்க எண்ணுவோர், தம் ஊர் ஆலிமிடம் சென்று, எந்த நாணயம், எப்படி ஈட்டப்படுகிறது, எங்கே விற்கப்படுகிறது என்பதை முழுமையாக விளக்கிய பின் தீர்ப்புக் கேட்பதே முறை. பாதியை மறைத்துப் பெறும் தீர்ப்பு பயன் தராது.

ஏற்கெனவே நாணயம் வைத்திருப்போருக்கு

இந்நாணயம், பன்னிரண்டு அல்லது இருபத்து நான்கு சொற்களாலான ஓர் இரகசியத் தொடரைக் கொண்டே திறக்கப்படும். அத்தொடர் தொலைந்தால் எந்த வங்கியும் மீட்டுத் தராது. மரணம் அறிவித்துவிட்டு வருவதில்லை. குடும்பத் தலைவர் எவரிடமும் சொல்லாமல் மறைந்தால், வாரிசுகளுக்குரிய பங்கு எவருக்கும் பயனின்றிப் போய்விடும். எனவே அத்தொடரைத் தாளில் எழுதிப் பூட்டி வையுங்கள். அது இருக்குமிடத்தை நம்பிக்கைக்குரிய ஒருவருக்குத் தெரிவியுங்கள். கடன் வாங்கி ரிக் அமைத்திருந்தால் அக்கடனையும் எழுதி வையுங்கள்.

ரிக் செலவை ஈடுகட்டவில்லை எனில், விலை ஏறும் என்று காத்திருந்து மின்கட்டணத்தைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். கார்டுகளை விற்றுவிடலாம். விற்கும்போது அவை மைனிங்கில் ஓடியவை என்பதை வாங்குவோரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். குறையை மறைத்து விற்பது நமக்கு ஆகுமானதன்று. விற்க மனமில்லையெனில், ஒரு கார்டை வைத்துக்கொண்டு, வீடியோ தொகுப்பு, முப்பரிமாண வடிவமைப்பு, செயற்கை நுண்ணறிவு நிரல்கள் போன்றவற்றைப் பிள்ளை கற்க விடுங்கள்.

பெற்றோர்களே! பிள்ளையின் ஆர்வத்தை ஏளனம் செய்யாதீர்கள். இயந்திரத்தைப் பூட்டவும் பழுது பார்க்கவும் விரும்பும் மனம் ஒரு நற்பேறு. அவனை அருகில் அமர்த்தி, ஒரு தாளை எடுத்து, மேற்கண்ட மின்கட்டணக் கணக்கை உங்கள் வீட்டு மின் அட்டையைக் கொண்டு அவன் கையாலேயே போடச் சொல்லுங்கள். அதன் கீழே இன்று அந்த நாணயம் தரும் வரவையும், வரியையும், கார்டின் விலையையும் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாள் சொல்லும் விடையை அவன் ஏற்றுக்கொள்வான். நகை அடகுக் கடைக்குப் போவதற்கு முன் அந்தக் கணக்கு முடிந்திருக்கட்டும்!